மன்னிப்பும் முறிந்த உறவும்: சபையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

வேதபாடக் கூட்டத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்லோரும் "ஆமென்" சொல்வார்கள். கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில்தான் ஒருவர் ஓரமாக வந்து நிற்பார்: "ஒரு சந்தேகம், யாருகிட்டயும் சொல்லிராதீங்க." அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர் யாரென்று தெரியாதபடி ஊரையும் உறவையும் மாற்றியிருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

1. மன்னிக்கிறதுன்னா அவர் செஞ்சது தப்பில்லன்னு சொல்றதா?

இல்லை. தப்பே நடக்கவில்லை என்றால் மன்னிக்க அங்கே என்ன இருக்கிறது? தன்னைக் குழியில் போட்டு விற்ற அண்ணன்மாரிடம் யோசேப்பு, "பரவாயில்லை, விடுங்க" என்று பூசி மெழுகவில்லை. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகுதான் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் பராமரிப்பேன் என்றார் (ஆதியாகமம் 50:20, 21). மன்னிப்பு என்பது நடந்த தீமைக்குத் தீமை என்றே பெயர் வைத்துவிட்டு, பழிவாங்கும் உரிமையை மட்டும் கர்த்தர் கையில் விடுவது. நடைமுறையில் சொன்னால், அவருக்கு ஏதாவது கெட்டது நடக்காதா என்று காத்துக்கொண்டிருப்பதை நிறுத்துவது. போகிற இடமெல்லாம் அவர் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்துவது.

மூன்று காரியங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மன்னிப்பு ஒன்று, அதை நான் தனியாகவே தேவனுக்கு முன்பாகச் செய்யலாம். ஒப்புரவாவது இரண்டாவது; அதற்கு இரண்டு பேரும் வர வேண்டும். மறுபடியும் நம்புவது மூன்றாவது. அதற்குக் காலமும் மாறின நடத்தையும் வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

2. மன்னிச்சுட்டேன்னு ஜெபத்துல சொல்லிட்டேன். ஆனா அந்த முகத்தைப் பார்த்தாலே நெஞ்சு எரியுது. அப்போ நான் மன்னிக்கலையா?

நெஞ்சு எரிவதை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். யோசேப்பு விற்கப்பட்டபோது வயது 17. சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தியபோது, வேதம் தரும் கணக்குப்படி, 39. இடையில் 22 வருஷம். அப்போதும் அவர் சத்தமிட்டு அழுதார். அதன் பின் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து இறந்தார். தகப்பன் போன பிறகு அண்ணன்மார் மறுபடியும் பயந்துபோய் ஆள் அனுப்பினார்கள். அதைக் கேட்டு யோசேப்பு திரும்பவும் அழுதார் (ஆதியாகமம் 50:17). மன்னித்த மனுஷனுக்கும் இத்தனை வருஷம் கழித்து வலித்திருக்கிறது.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற வசனத்தைக் காட்டிச் சிலர் அவசரப்படுத்துவார்கள். வீட்டில் அன்றாடம் நடக்கும் சண்டைக்கு அது அருமையான மருந்து. பத்து வருஷக் கொடுமையைப் பொழுது சாய்வதற்குள் மறக்கச் சொல்லி அதை யார் தலையிலும் சுமத்தக் கூடாது. எரிச்சல் வரும்போது, "கர்த்தாவே, இந்தக் கணக்கை உம்மிடம் கொடுத்துவிட்டேன், இன்றைக்கும் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். நூறு முறை சொல்ல வேண்டியிருந்தால் நூறு முறை சொல்லுங்கள்.

3. ஏழெழுபது தரம்னா 490 தடவையா? அதுக்கப்புறம் விட்டுரலாமா?

பேதுருவும் இப்படித்தான் எண்ணிக்கை கேட்டான். ஏழு தரம் போதுமா என்றான். ஏழு என்பதே அவனுக்குத் தாராளமாகத் தெரிந்திருக்கும். இயேசு "ஏழெழுபது தரம்" என்று எண்ணிக்கையை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, உடனே ஒரு கடன் கதையைச் சொன்னார் (மத்தேயு 18:21-35).

அந்தக் கதையிலுள்ள தொகைகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ராஜாவுக்கு வேலைக்காரன் தர வேண்டியது பதினாயிரம் தாலந்து. அக்காலத்தில் ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி என்று திராட்சத்தோட்ட உவமையில் இருக்கிறது. ஆக, அவன் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் 1,64,000 வருஷத்துக்கு மேல் ஆகும். அவனிடம் உடன்வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம், ஏறத்தாழ மூன்று மாதச் சம்பளம். மூன்று மாதச் சம்பளம் சின்னத் தொகை கிடையாது, யாருக்கும் வலிக்கும். நமக்கு ஏற்பட்ட நஷ்டம் ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. அதை எந்தக் கடனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்று கேட்கிறார். ராஜா அத்தனை கடனையும் மன்னித்து அனுப்பியும், அவன் வெளியே வந்ததும் செய்த முதல் காரியம் அந்த உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்தது. பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று நாம் வாரந்தோறும் சொல்லும் வரிக்கு அடியில் இந்தக் கதை கிடக்கிறது.

4. அவங்க வந்து மன்னிப்பே கேக்கல. நான் எதுக்கு மன்னிக்கணும்?

நியாயமான கேள்வி. லூக்கா 17:3-ல் "அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அதற்கு முன்னால் "அவனைக் கடிந்துகொள்" என்றும் இருக்கிறது. அதே சமயம், சிலுவையில் அறைந்தவர்கள் கேட்காமலே "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று இயேசு ஜெபித்தார். கல்லெறிந்தவர்களுக்காக ஸ்தேவானும் அப்படியே செய்தார்.

முதல் பதிலில் பிரித்துச் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டும் மோதவில்லை. அவர் கேட்காவிட்டாலும் என் பக்கத்துக் கசப்பை நான் தேவனிடம் கொடுத்துவிடலாம். ஆனால் அவர் உணராதவரை உறவு பழையபடி ஆகாது. அதற்கு நான் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. அந்த நிபந்தனை இருக்கும் இடம் அதுதான்.

5. மன்னிச்சுட்டா பழையபடி போக்குவரத்து வச்சுக்கணுமா?

கட்டாயமில்லை. அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன யாக்கோபும் அந்த ஏசாவும் இருபது வருஷத்துக்குப் பிறகு கட்டிப்பிடித்து அழுதார்கள். "வா, சேர்ந்து போகலாம்" என்று ஏசா கூப்பிட்டான். யாக்கோபு பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் காரணம் காட்டிவிட்டு சுக்கோத்துக்குப் போனான். ஏசா சேயீருக்குப் போனான் (ஆதியாகமம் 33). பின்னால் தகப்பன் ஈசாக்கை இருவரும் சேர்ந்தே அடக்கம் பண்ணினார்கள். சமாதானமும் இருந்தது, தூரமும் இருந்தது. நம்மில் பல குடும்பங்களுக்கு இந்த அளவே பெரிய கிருபை.

நம்பிக்கை விஷயத்தில் யோசேப்பைப் பாருங்கள். சகோதரரைப் பார்த்தவுடனே அவர் தன்னை வெளிப்படுத்தவில்லை. சிமியோனைப் பிடித்து வைத்தார், பென்யமீனை வரச் செய்தார், வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீன் சாக்கில் போட வைத்தார். அன்று தம்பியை விற்கச் சொன்ன அதே யூதா, இன்று இன்னொரு தம்பிக்காக "நான் அடிமையாக இருக்கிறேன்" என்று முன்வந்த பிறகே அவர் அழுகை வெடித்தது. மாறிவிட்டார்களா என்று பார்த்துத் தெரிந்துகொள்வது பாவமல்ல.

6. சொத்துப் பாகத்துல அண்ணன் ஏமாத்திட்டார். கேஸை வாபஸ் வாங்குனாத்தான் மன்னிச்சதா ஆகுமா?

சபைக்குள் முறிந்த உறவுகளை எடுத்தால் இதுதான் அதிகம். ஆராதனையில் அண்ணன் குடும்பம் வலது பக்கம், தம்பி குடும்பம் இடது பக்கம். ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் ஒருவர் வடக்கு வாசல், ஒருவர் தெற்கு வாசல். வீட்டுக்குப் போனால் முற்றத்தின் நடுவே பூசாத செங்கல் சுவர். பிள்ளைகளுக்குச் சித்தப்பா முகம் தெரியும், குரல் தெரியாது.

இரண்டையும் நேர்மையாகச் சொல்கிறேன். ஒன்று, கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டதைப் பார்த்து, "ஏன் நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை?" என்று பவுல் கேட்டார். அரை சென்ட் இடத்துக்காகப் பத்து வருஷம் நீதிமன்றம் ஏறுகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்டே ஆக வேண்டும். மற்றொன்று, நஷ்டத்தைச் சகிப்பது இழந்தவர் தானாக முன்வந்து எடுக்க வேண்டிய முடிவு. எடுத்துக்கொண்டவர் வேதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அதைக் கேட்க முடியாது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது அப்பட்டமாக நடக்கிறது. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனால், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அடக்க ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் கலைவதற்குள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டி, "கையெழுத்து போட்டுரு தங்கச்சி, விசுவாசிக்குள்ள சண்டை வேண்டாம்" என்பார்கள். அவள் மனதார விட்டுக்கொடுத்தால் அது அவள் தாராளம். மறுத்தால் அவளை மன்னிக்கத் தெரியாதவள் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. கசப்பில்லாமலும் பங்கு கேட்கலாம். வழக்குக்கு முன் இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பெரியவர் ஒருவரையும் ஒரு நில அளவையரையும் வைத்துப் பேசிப் பாருங்கள். பத்திரத்தில் எழுதி முடிந்த பங்கு, வாய்வார்த்தையைவிட உறவை நன்றாகக் காக்கும்.

7. சண்டையில இருக்கும்போது ராப்போஜனம் எடுக்கலாமா? பயமா இருக்கு.

உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று பலிபீடத்தண்டையில் நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு (மத்தேயு 5:23, 24). இங்கே குறை யாருக்கு என்பதைக் கவனியுங்கள். நாம் யாரையோ காயப்படுத்தியிருந்தால் முதலில் கிளம்ப வேண்டியவர் நாம். ராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கிழமை அதற்கு நல்ல நாள்.

போய்ப் பார்த்தும் அவர் கதவைத் திறக்கவில்லை என்றால்? இந்தச் சந்தேகம் பழையது. நம் தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு வேராகிய ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டு ஜெப புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. ஒருவர் மனதார மன்னிக்கவும் தன் குற்றத்துக்கு ஈடுசெய்யவும் ஆயத்தமாயிருந்து, மற்றவர் பிடிவாதமாக இருந்தால், குருவானவர் ஆயத்தமாயிருக்கிறவரைப் பந்திக்குச் சேர்க்க வேண்டும், பிடிவாதக்காரரைச் சேர்க்கக் கூடாது என்கிறது அது. ஆகவே உங்கள் பங்கைச் செய்துவிட்டுப் பயமில்லாமல் வாருங்கள். பந்தியைத் தவிர்த்துத் தவிர்த்து வருஷக்கணக்கில் கடைசி ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வேதனை. அவர்களில் பலர் காயப்பட்டவர்கள்.

8. வீட்டுக்காரர் குடிச்சுட்டு அடிக்கிறார். "மன்னிச்சுக்கிட்டே இரும்மா, ஒருநாள் மாறுவார்"ன்னு சொல்றாங்க. நான் என்ன செய்ய?

முதலில் அடி விழாத இடத்துக்குப் போங்கள் சகோதரி. அம்மா வீடோ, அக்கா வீடோ, சபையில் நம்பிக்கையான ஒரு குடும்பமோ. பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவர் உங்களை நெருங்கக் கூடாது என்றும், நீங்கள் அதே வீட்டில் குடியிருக்கலாம் என்றும் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க முடியும். மன்னிப்பைப் பற்றிப் பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து பிறகு யோசிக்கலாம்.

ஏழெழுபது தரம் என்ற வசனத்தை அடிவாங்குகிறவள் கையில் கொடுத்து, திரும்ப அதே வீட்டுக்குள் அனுப்புவது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா எங்கேதியில் கையில் சிக்கியபோது, தாவீது அவன் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு அவனை உயிரோடு விட்டுவிட்டார். சவுல் சத்தமிட்டு அழுதான், "நீ என்னைப்பார்க்கிலும் நீதிமான்" என்றான். அதற்குப் பிறகு என்ன நடந்தது? சவுல் வீட்டுக்குப் போனான். தாவீது அவனோடு போகவில்லை, அரணிப்பான இடத்துக்கு ஏறிப்போனார் (1 சாமுவேல் 24:22). இரண்டு அதிகாரம் தள்ளிப் பாருங்கள், அதே சவுல் 3,000 பேரோடு மறுபடியும் தேடி வருகிறான். தாவீது மனதார மன்னித்தவர். கண்ணீரை மட்டும் நம்பி வீட்டுக்குப் போயிருந்தால் உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அம்மாவிடம் பொறுமையைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது, அடிக்கிறவரிடம் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசச் செலவிடுங்கள். குடிக்குச் சிகிச்சை எடுத்திருக்கிறாரா, செய்ததைச் சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறாரா, மாதக்கணக்கில் நிலைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். குழந்தைகளிடம் யாராவது தகாத விதமாக நடந்திருந்தால் சமரசப் பேச்சுக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

9. அவருக்கு வேற ஒரு பொண்ணோட தொடர்பு இருந்துச்சு. இப்போ விட்டுட்டேன்னு அழுறார். மன்னிச்சா சேர்ந்து வாழ்ந்தே ஆகணுமா?

துரோகம் செய்த மனைவியைத் தீர்க்கதரிசி ஓசியா மன்னித்துச் சேர்த்துக்கொண்டார். அதே வேதத்தில், மத்தேயு 19:9-ல், இந்த ஒரு துரோகத்துக்கு இயேசு விதிவிலக்கும் வைத்தார். எனவே சேர்ந்து வாழ்ந்தவர்களையும் குறை சொல்ல வேண்டாம், முடியாமல் பிரிந்தவர்களையும் குறை சொல்ல வேண்டாம்.

சேர விரும்பினால் அவசரம் வேண்டாம். போன், பணம், போக்குவரத்து எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் இருக்க அவர் தானாக முன்வர வேண்டும். "மன்னிச்சுட்டேன்னு சொன்னியே, இன்னும் ஏன் கேக்குற?" என்று அவர் எரிந்து விழுந்தால், கேட்ட மன்னிப்பின் ஆழம் அங்கே தெரிந்துவிடும்.

10. எங்க அப்பா எங்களைப் படுத்தின பாடு கொஞ்சமில்ல. இப்போ அவர் இல்ல. செத்தவரை எப்படி மன்னிக்கிறது?

ஒப்புரவாக முடியாது, மன்னிக்க முடியும். "அப்பா ஆத்துமா சாந்தியா இருக்கட்டும்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். தனியாக உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி புத்தகத்தைக் கிழித்தது, அம்மாவின் தாலிச்சங்கிலியை அடகு வைத்தது, நன்றாகப் பாடினபோது ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்துபோனது. சின்னது, பெரியது என்று பார்க்காமல் எழுதுங்கள். சங்கீதக்காரன் 55ஆம் சங்கீதத்தில் இப்படித்தான் கொட்டுகிறான்: தன்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, கூடவே ஆலயத்துக்குப் போன தோழன் என்று.

பிறகு ஒவ்வொரு வரியாக வாசித்து, இதை உம்மிடம் விட்டுவிடுகிறேன் கர்த்தாவே என்று சொல்லுங்கள். விட முடியாத வரிகளில் ஒரு குறி போட்டுவிட்டு, அடுத்த மாதம் மறுபடியும் எடுத்துப் பாருங்கள். கல்லறைத் திருநாளில் பூ வைக்கப் போகும்போது கை கூசுகிறது என்றால், அதையும் தேவனிடம் மறைக்க வேண்டாம்.

11. தப்பு என் பேர்லதான். எப்படிக் கேட்டாலும் அவங்க மன்னிக்க மாட்டேங்கிறாங்க.

எப்படிக் கேட்டீர்கள்? "ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிருங்க" என்பதில் தப்பு ஒப்புக்கொள்ளப்படவே இல்லை. "நான் பேசினது தப்புதான், ஆனா நீங்களும்" என்று தொடங்கினால் அது அடுத்த சண்டை. என்ன செய்தேன், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

பிறகு கையில் என்ன கொண்டுபோனீர்கள்? வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். நியாயப்பிரமாணம் திருடின ஆட்டுக்குக் கேட்ட கடைசி அளவு அது. யாக்கோபு ஏசாவைச் சந்திக்கும் முன் வெள்ளாடு, செம்மறியாடு, ஒட்டகம், மாடு, கழுதை என்று 550 கால்நடைகளை முன்னால் அனுப்பினான், ஒட்டகக் குட்டிகள் நீங்கலாக. பணம் எடுத்திருந்தால் பணத்தைத் திருப்புங்கள். பெயரைக் கெடுத்திருந்தால், யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய்த் திருத்திச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் அவர் மறுத்தால், அது அவருக்கு வேண்டிய காலம். மன்னிக்கவில்லை என்று அவரைப் பற்றி வெளியே குறை சொல்லாதீர்கள்.

12. வருஷக் கடைசியில "யாரையாவது புண்படுத்தியிருந்தா மன்னிச்சுக்கோங்க"ன்னு வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் அனுப்பிடறேன். போதாதா?

போதாது. உண்மையில் யாரைப் புண்படுத்தினோம் என்று நமக்குத் தெரியும். புதுவருஷ ஆராதனைக்கு முன் அந்த ஒருவருக்குப் போன் போடுங்கள்.

13. தேவன் மன்னிச்சுட்டார்னு தெரியும். என்னையே என்னால மன்னிக்க முடியல.

பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்பண்டையில். உயிர்த்தெழுந்தபின் திபேரியா கடற்கரையில் இயேசு அவனுக்காக மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்புதான் (யோவான் 18:18, 21:9). மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார். அந்த இரவை மறந்துவிடு என்று அவர் சொல்லவில்லை. அதே நெருப்பின் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, வேலையும் கொடுத்தார். உங்கள் பாவத்தை நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கத்தோலிக்கச் சகோதரருக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. நமக்கு, ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 இருக்கிறது. தனக்குள்ளேயே வழக்கு நடத்துகிறவருக்குத் தீர்ப்பு கிடைப்பதேயில்லை. சொல்லிய குற்றத்துக்கு ஈடுசெய்ய வழி இருந்தால், பதினொன்றாம் பதிலில் சொன்னபடி செய்யுங்கள்.

14. போலீஸ்ல புகார் குடுத்தா மன்னிக்கலன்னுதானே அர்த்தம்?

இதற்குக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரின் வாழ்க்கையே பதில். 1999 ஜனவரி 22 நள்ளிரவு கடந்து, ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயது பிலிப்பையும், ஆறு வயது தீமோத்தியையும் ஒரு கும்பல் தீ வைத்துக் கொன்றது. கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மகள் எஸ்தரோடு பாரிபடாவில் தங்கி, கணவர் விட்டுப்போன தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

வழக்கோ தன் போக்கில் நடந்தது. விசாரணை நீதிமன்றம் 2003-ல் முக்கியக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் 2005-ல் அதை ஆயுளாகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் 2011-ல் அதை உறுதிசெய்தது. அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை, வழக்கு நடந்ததால் அவர் மன்னிப்பு பொய்யாகிவிடவுமில்லை. பழிவாங்காதே என்று ரோமர் 12-ன் முடிவில் எழுதிய பவுல், மறு அதிகாரத்திலேயே தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரம் அரசுக்கு உண்டு என்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் வாசியுங்கள்.

15. எங்களை ஒதுக்கி வச்சவங்களே, "பழசை மறந்துருங்க, கிறிஸ்துவுக்குள்ள ஒண்ணு"ங்கிறாங்க. கல்லறைத் தோட்டத்துல சாதிச் சுவர் இன்னும் நிக்குது. நாங்க மன்னிக்கணுமா?

இந்தக் கேள்விக்கு முன் நான் தலைகுனிகிறேன். தமிழ்நாட்டில் சாதி பார்த்துக் கல்லறையைப் பிரித்த சபைகள் உண்டு, தனி வரிசையில் உட்கார வைத்த சபைகளும் உண்டு. நீங்கள் கசப்பில் வாழ வேண்டாம் என்று முதல் பதிலில் சொன்னது உங்களுக்கும்தான். அதைக் கேட்கும் தகுதி மட்டும் சுவர் எழுப்பினவர்களுக்கு இல்லை. "பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்று எபேசியர் 2:14 கிறிஸ்துவைப் பற்றிச் சொல்கிறது. சுவரை வைத்துக்கொண்டே அந்த வசனத்தைப் பிரசங்கம் பண்ணுகிறவர் முதலில் கடப்பாரையை எடுக்கட்டும்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. பொதுமன்னிப்பு கேட்டவர்கள் செய்த குற்றத்தை முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டமே விதித்தது. 7,000-க்கு மேல் வந்த மனுக்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈட்டுத்தொகை குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. ஆனால் உண்மை முதலில், மன்னிப்பு பிறகு என்ற அந்த வரிசை சரியானது. நம் சபைகளில் அது தலைகீழாக இருக்கிறது.

16. ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்க. நடுவுல நின்னு சேத்து வைக்கலாமா?

வையுங்கள். பிலிப்பி சபையில் எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் மனஸ்தாபம். பவுல் இரண்டு பெண்களுக்கும் தனித்தனியாக, ஒரே சொல்லில் புத்தி சொல்கிறார். ஒருவர் பக்கமும் சாயவில்லை. உள்ளூரில் இருந்த ஒரு நண்பரை உதவச் சொல்கிறார். அடிமையாகிய ஒநேசிமுவை அவன் எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பியபோது, கடன் இருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்றே எழுதினார். நடுவில் நிற்பவருக்கும் கொஞ்சம் செலவாகும்.

இருவரையும் முதலில் தனித்தனியாக, குறுக்கிடாமல் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள். எட்டாம் கேள்வியிலுள்ளது போல் ஒருவர் மற்றவருக்குப் பயந்து நடுங்கும் இடத்தில், இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கவே வைக்காதீர்கள்.

17. சரி, பேசணும்னு முடிவு பண்ணிட்டேன். பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது?

மத்தேயு 18:15 சொல்வது போல "நீயும் அவனும் தனித்திருக்கையில்". கல்யாண வீட்டிலோ, துஷ்டி வீட்டிலோ, ஆலய வாசலில் நாலு பேர் பார்க்கவோ வேண்டாம். மாமாவையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். முன்னாலேயே போன் பண்ணி, "சண்டை போட வரல அண்ணே, ஒரு பத்து நிமிஷம் உங்களைப் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், "சரி, இன்னொரு நாள் கேக்கறேன்" என்று வைத்துவிடுங்கள்.

போனதும் அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரியுங்கள். உங்கள் பக்கத்துத் தப்பு ஒன்று இருந்தால் அதில் தொடங்குங்கள். இல்லாததை இட்டுக்கட்ட வேண்டாம். பழைய பட்டியல் முழுவதையும் முதல் நாளே எடுக்காதீர்கள். அவர் குரல் உயர்ந்தால், "இன்னிக்கு இது போதும் அண்ணே" என்று எழுந்து வந்துவிடலாம். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். முதல் சந்திப்பில் தீர்ந்தவை குறைவு. இரண்டாவது தடவை போகிறவர்களைத்தான் எதிரே இருப்பவர் நம்பத் தொடங்குகிறார்.